சிங்கப்பூர் போகாத எடைக்கற்கள்

மகனே,

உனக்கு ஒரு கடிதம் எழுதும்படி உன் குழந்தைவேலு மாமா என்னிடம் கேட்டார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்று மலாக்காவில், நம் காஜா பெராங் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. நான் யாரிடமும் அதிகமாக எதையும் சொல்வதில்லை, அதனால் காப்பாற்ற வேண்டியதும் குறைவு. இது அவர் கேட்ட கடிதம்தான். அவர் கேட்ட மாதிரி இருக்காது. கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் தாளும் மையும் நேரமும் இருக்கின்றன. முதுகு மட்டும்தான் இடையிடையே எழுந்திரு என்கிறது. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி, ஏனென்றால் உன் தங்கை கமலாவின் கல்யாணச் செய்தி கடைசியில்தான் இருக்கிறது. அதை முதலில் சொன்னால் நீ மற்றதைப் படிக்காமல் பஸ் ஏறி வந்துவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தார். கம்போங் செட்டியில் ஓட்டுக் கேட்டுவிட்டு நேராக வந்திருந்தார். அங்கே கோவில் வாசலில் நாற்பது நிமிஷம் சுத்தமான செந்தமிழில் பேசினாராம். தமிழன்னை, தமிழ்க்குருதி, தமிழ்த்தோள் எதையும் விடவில்லை. நம் செட்டிக் குடும்பங்கள் வீட்டில் பேசுவது மலாய் என்பது உனக்குத் தெரியும். சாமி பெயரும் சில உறவுப் பெயர்களும் தவிர அவர்களிடம் தமிழ் அதிகம் கிடையாது. ஆனால் மரியாதை தெரிந்தவர்கள். நாற்பது நிமிஷமும் அசையாமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் கைதட்டி, ஒரு தட்டு கூவே பலகாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "கண் கலங்கிட்டாங்கண்ணே" என்று சொல்லி, அந்தக் கூவேயில் பாதியை உன் அம்மாவிடம் கொடுத்தார். வெயிலில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தால் யாருக்கும் கண் கலங்கத்தான் செய்யும் என்று நான் சொல்லவில்லை. வயதாக ஆக, சொல்லாமல் விடுபவை அதிகமாகின்றன.

உனக்குக் கோலாலம்பூரில் அரசாங்க வங்கியில் வேலை கிடைத்ததே தன்னால்தான் என்று மாமா செமாபோக் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். நீ படித்துப் பரீட்சை எழுதியதும் அவருக்கு ஓரளவு உதவியாக இருந்திருக்கலாம். எப்படியோ, கோப்பி குடித்து முடிக்கும்வரை மழை, வெயில், கொக்கிப்புழு எல்லாம் பேசிவிட்டு, கோப்பையைக் கீழே வைத்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, நம்ம பையன் கையில ஒரு பேப்பர் இருக்காம்."

"ஆபீஸ்ல வேலை செய்றவன் கையில பேப்பர் இல்லாம என்ன இருக்கும்?" என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க லா. மேலிடத்துல பேசிக்கிறாங்க. அரசாங்கம் பேங்க்குகிட்ட கடன் வாங்கக்கூடாது, வாங்கினா அரிசி விலை ஏறும், அது ஏறும், இது ஏறும்னு எழுதிட்டிருக்கானாம்."

"ஏறாதா?"

"ஏறட்டும்ணே, யாரு வேணாம்னா? தேர்தலுக்கு அப்புறம் ஏறட்டும். நான் என்ன பொய் எழுதச் சொல்றேனா? ஒரு எழுத்த மாத்தச் சொல்றேனா? மெதுவா செய்யச் சொல்றேன். கவர்மெண்ட் ஆபீஸ்ல மெதுவா செய்றது எப்பலேர்ந்து குத்தமாச்சு?"

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தார். கமலாவின் கல்யாணப் பத்திரிகை. அவருடைய அண்ணன் மகனின் பெயரும் உன் தங்கையின் பெயரும் பொன்னெழுத்தில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பிள்ளையார். எல்லாம் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"அச்சகத்துல எழுத்துக் கோத்து ரெடியா இருக்கு. நீங்க பையனுக்கு ஒரு கடுதாசி போட்டீங்கன்னா, நானும் தேதியப் போட்டு அச்சடிக்கச் சொல்லிடுவேன்."

"கடுதாசிக்கும் தேதிக்கும் என்னங்க?" என்று உன் அம்மா கேட்டாள்.

"என்னம்மா, ஒரே குடும்பமாகப் போறோம். ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்க வேணாமா?" என்று சிரித்தார். அது மிரட்டல் இல்லை. குழந்தைவேலு மாமா தன் வாழ்நாளில் யாரையும் மிரட்டியதில்லை. அவருடைய திறமையே அதுதான்.

நீ போன மாதம் வந்திருந்தபோது, உன் வங்கியைப் பற்றி எனக்கு விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? நோட்டு அடிக்கிற பொறுப்பு இன்னும் பழைய நாணய வாரியத்திடம்தான் இருக்கிறது, ஒருநாள் எங்களிடம் வரும் என்றாய். அரசாங்கம் தன் வங்கியிடம் இஷ்டத்துக்குக் கடன் வாங்க ஆரம்பித்தால் ஊரில் பணம் பெருகும், சாமான் பெருகாது, அதனால்தான் வங்கி கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்றாய். அப்படியானால் மந்திரிக்கும் வங்கிக்கும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, அரசாங்கம் எழுத்து மூலமாக உத்தரவு போடலாம், ஆனால் அதை எல்லோருக்கும் தெரியும்படி சட்டசபையில் வைக்க வேண்டும் என்று நீ சொன்னதாக ஞாபகம். எனக்கு அது பிடித்திருந்தது. மாமா போன பிறகு அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய முன்வாசல் திறந்து கிடக்கும்போது, ஒரு மனிதர் காரில் காஜா பெராங் வரை வந்து, எங்கள் அடுப்படியில் கோப்பி குடித்து, என் கடிதம் வழியாக ஏன் உள்ளே நுழையப் பார்க்க வேண்டும்? முன்வாசலில் போனால் பெயர் கேட்பார்கள். அவ்வளவுதான் காரணம். உன் வங்கியின் சுதந்திரத்தைப் பறிக்க யாரும் படையோடு வரமாட்டார்கள். கூவேயோடு வருவார்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. அது நல்ல தகுதி இல்லை. "மெதுவா செய்யச் சொல்றேன்" என்ற அதே வார்த்தையை அதே நாற்காலியில் உட்கார்ந்து மாமா சொல்வது இது இரண்டாவது முறை. முதல் முறை சொன்னது என்னிடம். ஏழு வருஷத்துக்கு முன்னால், இந்த ஊரில் முதன்முதலாக ஓட்டுப்பெட்டி வைத்த சமயம். நான் அப்படியே செய்தேன்.

ஊரில் என்னை 'டாச்சிங் ஐயா' என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். அந்தத் தொழிலின் உள்விவரங்களை வீட்டில் நான் பேசியதில்லை. டாச்சிங் என்பது ஒரு கோல், ஒரு தட்டு, ஒரு குண்டு, அவ்வளவுதான். தட்டில் அரிசியைப் போட்டுக் குண்டைக் கோலில் தள்ளிக்கொண்டே போனால், கோல் எங்கே சமமாக நிற்கிறதோ அங்கே எத்தனை காட்டி எடை என்று புள்ளி இருக்கும். குண்டு சரியாக இருந்தால் புள்ளி உண்மை பேசும். அரிசி விற்கிறவன் குண்டை அடியில் குடைந்து இலேசாக்குவான். இலேசான குண்டு தூரமாகப் போய் நிற்கும், முக்கால் காட்டி அரிசி ஒரு காட்டியாகிவிடும். ரப்பர் வாங்குகிறவன் அதே குண்டில் ஈயம் ஊற்றிக் கனமாக்குவான். தோட்டக்காரன் கொண்டுவந்த பத்துக் காட்டி எட்டாகிவிடும். ஒரே கருவியில் இரண்டு தர்மம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா டாச்சிங்கையும் வரவழைத்து, அலுவலகத்துப் பெட்டியில் பட்டுத்துணியில் வைத்திருந்த பித்தளை மூலக்கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை அடித்துக் கொடுப்பேன். இல்லாவிட்டால் பறிமுதல். அதுதான் என் உத்தியோகம். வெள்ளைக்காரத் துரை முதல் மீன்காரர் வரை யாருக்கும் பிடிக்காத உத்தியோகம். அதனால் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்த வருஷம் முத்திரை மாதமும் தேர்தலும் ஒன்றாக வந்துவிட்டன. மாமா முதன்முறையாக நின்றார். பஜாரில் இருபது கடைக்காரர்கள் அவருக்கு வேலை செய்தார்கள். "இப்பப் போய் நீங்க டாச்சிங்க பிடுங்கினா, நம்ம ஆளே நம்ம வயித்துல அடிக்கிறான்னு பேசுவாங்க. ஒரு மூணு மாசம். மெதுவா செய்ங்கண்ணே" என்றார். நான் மறுத்திருக்கலாம். மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எனக்கு லஞ்சம் எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடைத்திருந்தால் மனதுக்கு ஒரு கணக்காவது இருந்திருக்கும். ஓர் 'அண்ணே'க்கு விலைபோனேன். மலாக்கா சரித்திரத்திலேயே இவ்வளவு மலிவாக யாரும் போயிருக்கமாட்டார்கள்.

ஆனால் கற்கள் பெட்டியில் இருக்கும்போது, சோதனைக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் வேண்டுமே. மூலக்கற்கள் சரிபார்ப்புக்காகச் சிங்கப்பூர் சென்றுள்ளன, வந்ததும் தெரிவிக்கப்படும் என்று மூன்று பாஷையில் ஓர் அறிவிப்பு எழுதிக் கதவில் ஒட்டினேன். கற்களை அலுவலகத்தில் வைத்திருந்தால் பியூன் பார்த்துவிடுவான் என்று, பெட்டியை ரிக்ஷாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நீ அப்போது சீனியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். "என்னப்பா பெட்டி?" என்று கேட்டாய். "கமலாவோட கல்யாணத்துக்குப் பாத்திரம்" என்றேன். நீ நம்பிவிட்டு அல்ஜீப்ராவுக்குத் திரும்பினாய். மூன்று மாதம் இந்த ஊரின் எல்லா உண்மையான எடைகளும் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. நான் அதன்மேல் படுத்துத் தூங்கினேன். தூக்கம் வந்தது என்பதுதான் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த மூன்று மாதத்தில் வீட்டில் அரிசி இருபத்தைந்தாம் தேதியே தீர்ந்தது. "இந்தப் பையன் படிக்கிறானா, தின்கிறானா?" என்று உன் அம்மா உன்னைப் பார்த்துக் கேட்பாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமா ஜெயித்தார். வெற்றிக் கூட்டத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, மாலையும் போட்டார்கள். மறுநாள் கற்கள் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தன. அதே ரிக்ஷாக்காரர்தான் கொண்டுவந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் ஒன்றும் கேட்காதவர்கள் எவ்வளவு பேர் என்று அப்போதுதான் தெரிந்தது.

சோதனையில் பஜார் முழுக்கக் குடைந்த குண்டுகள். அது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியப்படுத்தியது தெங்கேரா தவுக்கே. தெங்கேராவில் கடலோரமாக அரிசிக்கடை முதலாளியாக இருந்தாரே, உனக்குப் புளிப்பு மிட்டாய் கொடுப்பாரே, அந்த வயதான சீனர்தான். இருபது வருஷமாக அவருடைய டாச்சிங்கில் நான் ஒரு குறை கண்டதில்லை. ஜப்பான்காரன் காலத்தில்கூட அவர் குண்டில் கை வைக்கவில்லை. அன்றைக்கு அவருடைய குண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் புதிதாகக் குடைந்து, மெழுகு வைத்து அடைத்திருந்தது. வேலையும் சுத்தமாக இல்லை. பழக்கம் இல்லாத கை.

"தவுக்கே, நீங்களுமா?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அரைகுறைத் தமிழும் மலாயும் கலந்து மெதுவாகச் சொன்னார். "ஐயா, நான் உங்க கதவுக்கு மூணு தரம் வந்தேன். முத்திரை போடுங்கன்னு கேக்க வந்தேன். சிங்கப்பூர்னு எழுதியிருந்திச்சு. பக்கத்துக் கடைக்காரன் குண்டைக் குடைஞ்சிட்டு, காட்டிக்கு ரெண்டு காசு குறைச்சு வித்தான். என் ஆளுங்க எல்லாரும் அங்க போயிட்டாங்க. என் குண்டு சரின்னு எதை வச்சுக் காட்டறது? சரியான கல் ஊர்ல இல்லையே. ரெண்டு மாசம் பொறுத்தேன். மூணாவது மாசம் குடைஞ்சேன்."

பிறகு டாச்சிங்கை அவரே கழற்றி என் மேசைமேல் வைத்தார். "எழுதிக்கோங்க" என்றார். எழுதினேன். அவர் அபராதம் கட்டினார். அடுத்த வருஷம் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். நான்தான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மகனே, அயோக்கியன் எந்தக் காலத்திலும் பிழைத்துக்கொள்வான். மூலக்கல் இருப்பது அவனுக்காக இல்லை. யோக்கியன் யோக்கியனாக இருப்பதற்கு ஆகும் செலவைக் குறைக்கத்தான் அது இருக்கிறது. அதை மூன்று மாதம் மறைத்து வைத்தால் போதும், அவனும் குடைய ஆரம்பித்துவிடுவான். பிறகு கல் திரும்பி வந்தாலும் அந்த மனிதர் திரும்பி வருவதில்லை. பணமும் ஒரு எடைக்கல்தானே. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு உனக்கு இலேசாக ஞாபகம் இருக்கும். கடைசியில் நம்பர்கூடப் போடாமல் அடித்துத் தள்ளினார்கள். என் வாழ்நாளில் மிக அதிகமாகச் சம்பளம் வாங்கியது அப்போதுதான். மிக ஒல்லியாக இருந்ததும் அப்போதுதான். அதைச் செய்தவன் அந்நியன், துப்பாக்கி வைத்திருந்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். இப்போது சுதந்திரம் வந்துவிட்டது. இனிமேல் செய்கிறவர் நம்முடைய மாமாவாக இருப்பார். துப்பாக்கி தேவைப்படாது.

இனிக் கமலா. மாமா வைத்துவிட்டுப் போன பத்திரிகையை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. ஒளித்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் தேதி இல்லாத இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தட்டுல அண்ணன் எழுதுற பேப்பர், கோல்ல குண்டுக்குப் பதிலா என் கழுத்து. நடுவுல டாச்சிங்கப் புடிச்சிட்டு நிக்கிறது யாரு?" என்று கேட்டாள். வியாழக்கிழமை அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் அவளே செமாபோக்குக்குச் சைக்கிளில் போய் மாப்பிள்ளையைப் பார்த்தாள். நல்ல பையன்தான். சித்தப்பா செய்வது சரியில்லை என்று ஒப்புக்கொண்டானாம். "அப்ப அவர்கிட்ட சொல்லுங்க" என்றாளாம். "தேர்தல் முடியட்டும் கமலா, மெதுவா சொல்லிக்கலாம்" என்றானாம்.

திரும்பி வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். "வேணாம்ப்பா" என்றாள். "இவரும் மெதுவா செய்றவரு." அதற்குப் பிறகு அழுதாள். அழாமல் இருந்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அழுதாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. மறுநாள் நானே அந்தப் பத்திரிகையைக் கொண்டுபோய் மாமா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். "பொண்ணு அவசரப்படுறா" என்றார். ஆமாம் என்றேன். ஆகவே, இது உன்னால் நடந்தது என்று நீ நினைத்து, அதற்கு ஈடாக அந்த அறிக்கையில் ஒரு வரியைக்கூட அசைக்க வேண்டாம். அசைத்தாலும் இங்கே வாங்கிக்கொள்ள யாரும் இல்லை, பேரம் முடிந்துவிட்டது. அது எந்த நாளில் போய்ச் சேர வேண்டுமோ அந்த நாளில் போய்ச் சேரட்டும். உன் மேலதிகாரி படித்துவிட்டு நீ எழுதியது தவறு என்றால் திருத்தட்டும், கிழிக்கட்டும், அது அவர் உரிமை. அரசாங்கத்துக்குப் பிடிக்காவிட்டால் முன்வாசல் வழியாக வந்து, பெயர் சொல்லி, உத்தரவு போடட்டும். நீ மெதுவாகச் செய்யாதே.

அன்று இரவு கமலா தூங்கப் போனதும் உன் அம்மாவிடம் அந்தப் பெட்டி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு வருஷம் கழித்து. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "தினம் கட்டிலுக்கடியில பெருக்குறது யாருன்னு நெனச்சீங்க? கல்யாணப் பாத்திரம் அந்தக் கனம் கனக்குமா?" என்றாள். "அப்பவே தெரியுமா? ஏன் கேக்கல?" என்றேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

இதோடு ஒரு பழைய தாளை வைத்திருக்கிறேன். பழுப்பேறி ஓரம் கிழிந்திருக்கும். அது நான் கதவில் ஒட்டிய அறிவிப்பு. மூன்று பாஷையும் என் கையெழுத்துதான். கிழித்துப் போட மனம் வராமல் வைத்திருந்தேன். உன் மேசை இழுப்பறையில் போட்டு வை. யாராவது நல்ல மனிதர் உன் தோளில் கை போட்டு, மெதுவாகச் செய் தம்பி என்று சொல்லும் நாளில் அதை எடுத்து ஒருமுறை படித்துப் பார்.

அம்மா நலம். இன்றைக்கும் கடையிலிருந்து அரிசி வந்ததும், முற்றத்தில் உட்கார்ந்து படியில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பானையில் கொட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா